தொலைக்காட்சி வேலை என்றால் கேமரா மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிளஸ் டூ தேர்வு முடிவையொட்டி நீங்கள் வெளியிட்ட மேற்படிப்பு வழிகாட்டியில் தொலைக்காட்சித் துறைக்கும் இடம் ஒதுக்கியிருந்தீர்கள், மகிழ்ச்சி. ஆனால் கேமரா, எடிட்டிங், இயக்கம், தொகுப்பாளர் என்பதோடு அது முடிந்துவிட்டது. படப்பிடிப்பைத் திட்டமிட்டு நடத்துகிற தயாரிப்புப் பிரிவைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. சென்னையில் சீரியல், கேம் ஷோ என்று பல வருடமாகத் தயாரிப்பு நிர்வாகத்திலேயே இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பிள்ளைகள் கைக்காசு அதிகம் போடாமல் நுழையக்கூடிய இடம் அதுதான். அது தெரியாமல் கடன் வாங்கி கேமரா வாங்கிக்கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிற பெற்றோரை ஊருக்கு வரும்போதெல்லாம் பார்க்கிறேன்.

சீரியலையே எடுத்துக்கொள்ளுங்கள். கதை ஓடுகிற வரிசையில் யாரும் ஷூட் பண்ணுவதில்லை. திங்கட்கிழமை எபிசோடில் ஒரு சமையலறைக் காட்சி, வியாழக்கிழமை எபிசோடில் இன்னொன்று, அடுத்த வாரத்தில் ஒன்று என்றால் மூன்றையும் ஒரே காலையில் எடுத்து முடிப்பார்கள். மாமியாராக நடிப்பவருக்கு மதியத்துக்கு மேல் வேறு யூனிட்டில் கால்ஷீட் இருக்கும், அதனால் அவர் வரும் காட்சிகள் முதலில். வியாழன் காட்சிக்கு அவர் புடவை மாற்ற வேண்டும், அவர் மாற்றிக்கொண்டு வருவதற்குள் மருமகளின் தனி ஷாட்டுகளை முடித்துவிட வேண்டும். அந்த நேரம் பார்த்து ஜெனரேட்டர் வண்டியை எடுக்கச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து நிற்பார். இதையெல்லாம் முந்தின நாள் ராத்திரியே யோசித்து ஒரு தாளில் எழுதி, ஆர்ட்டிஸ்ட் முதல் டிரைவர், சாப்பாடு போடுகிறவர் வரை எல்லோருக்கும் தகவல் அனுப்பி, மறுநாள் அந்தத் தாளின்படி வேலையை நடக்கவைப்பதுதான் தயாரிப்பு ஆட்களின் வேலை. ஸ்டுடியோ நிகழ்ச்சி என்றால் ஃப்ளோர் மேனேஜர் இருப்பார். கண்ட்ரோல் ரூமிலிருந்து இயக்குநர் சொல்வதை ஹெட்செட்டில் கேட்டு, தளத்தில் சத்தமே போடாமல் கைச்சைகையில் நடத்துகிறவர் அவர்.

எங்கள் பக்கத்தில் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தைப் பொறுப்பெடுத்து நடத்துகிற பையன்களுக்கு இதில் பாதியைச் சொல்லித்தரவே தேவையில்லை. வசூல், பந்தல், மைக் செட், கூத்துக்காரர்களுக்கு ராத்திரிச் சாப்பாடு, துரியோதனன் வதம் நடக்கிற படுகளத்தன்று கூட்டத்தைச் சமாளிப்பது எல்லாம் பழகியவர்கள்தானே.

அப்புறம் மொழி. இதை முக்கியமாகச் சொல்ல வேண்டும். தமிழ் சீரியல்களில் கன்னடம், தெலுங்கு பேசும் நடிகைகள் நிறையப் பேர் நடிக்கிறார்கள். கேமராவுக்குப் பக்கத்தில் நின்று ஒரு உதவி இயக்குநர் வசனத்தை வரிவரியாகச் சொல்லிக்கொடுக்க, அவர்கள் அதைத் திருப்பிச் சொல்லி நடிப்பார்கள், குரல் பிறகு டப்பிங்கில் சேரும். இதற்குப் பிராம்ப்டிங் என்று பெயர். இந்த வரிக்கு ஏன் கோபப்பட வேண்டும் என்று அந்த நடிகையின் மொழியிலேயே விளக்கத் தெரிந்த ஒருவர் தளத்தில் இருந்தால் எத்தனை டேக் மிச்சமாகும் என்பது எங்களுக்குத்தான் தெரியும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் மூன்று மொழியும் பேசி வளர்ந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். அதை ஒரு தகுதியாக அவர்களிடம் யாரும் சொன்னதில்லை. அவர்களுக்குச் சென்னை மட்டுமல்ல, பெங்களூரிலும் வேலை உண்டு.

படிக்க விரும்புகிறவர்களுக்கு சென்னை தரமணியில் அரசு எம்.ஜி.ஆர். திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனம் இருக்கிறது. ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, எடிட்டிங், இயக்கம் என்று அங்கே படிப்புகள் உண்டு. தயாரிப்பையே தனிப் பாடமாகப் படிக்க வேண்டுமானால் ஒரு பட்டம் வாங்கிவிட்டு கொல்கத்தா சத்யஜித் ராய் திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கலாம், அது மத்திய அரசுடையது. இரண்டையும் பார்க்காமல் லட்சக்கணக்கில் கேட்கிற இடத்துக்கு ஓடாதீர்கள். என் அக்கா மகனிடம் ஒரு நிறுவனம் பயிற்சியோடு சேனல் வேலை என்று சொல்லிப் பணத்தை வாங்கிக்கொண்டு கடைசியில் ஒரு சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிட்டது. நாங்கள் ஆள் எடுக்கும்போது அந்த மாதிரிச் சான்றிதழைக் கேட்பதே இல்லை. எந்த யூனிட்டில் இருந்தாய், யாரிடம் வேலை பார்த்தாய் என்றுதான் கேட்போம், உடனே அவருக்குப் போன் போட்டு விசாரிப்போம்.

கஷ்டத்தையும் மறைக்கக்கூடாது. சீரியல் நின்றால் வேலையும் நின்றது. சம்பளம் சில இடங்களில் இரண்டு மூன்று மாதம் தள்ளித்தான் வரும், அதனால் அரை வருடச் செலவுக்காவது வழி பண்ணிக்கொண்டு வர வேண்டும். பெண் பிள்ளைகள் சேரும்போதே ராத்திரி ஷூட் முடிந்தால் வீட்டில் விட வண்டி உண்டா என்று கேட்டுவிடுங்கள். கேட்பதில் தப்பே இல்லை, நல்ல யூனிட்டில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அடுத்த முறை வழிகாட்டி வெளியிடும்போது தயாரிப்பு உதவியாளர், ஃப்ளோர் மேனேஜர், ஷெட்யூல் போடுகிறவர் ஆகிய வேலைகளையும் சேர்த்து எழுதுங்கள். இரண்டு மாவட்டங்களிலும் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு மேற்படிப்பு வழிகாட்ட அரசு நடத்துகிற கல்லூரிக் கனவு நிகழ்ச்சிக்கு மாவட்ட நிர்வாகம் இந்தத் துறையிலிருந்தும் ஒருவரைக் கூப்பிடட்டும். என்னைக் கூப்பிட்டால் சொந்தச் செலவில் வந்து பேசுகிறேன்.

இப்படிக்கு,
தொலைக்காட்சித் தயாரிப்பு நிர்வாகி ஒருவர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.