எந்தத் தண்ணீரைக் கொட்டலாம், எதைக் கொட்டக்கூடாது: உணவுக்கூடம் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

விடுதி, மருத்துவமனை, தொழிற்சாலை என நூற்றுக்கணக்கானோருக்கு அன்றாடம் சமைத்துப் போடுவோருக்கு வணக்கம்.

தீட்டாத அரிசி, முழுக்கோதுமை, பயறு, கீரை என்று உங்கள் கொள்முதல் பட்டியல் மாறிவருகிறது. நல்லது. ஆனால் சாமான் மட்டும் மாறி, சமையற்கட்டின் பழக்கம் மாறாமலிருந்தால், காசு கொடுத்து வாங்கிய சத்தில் கணிசமான பங்கு சாக்கடைக்குத்தான் போகும்.

கீரையையே எடுத்துக்கொள்ளுங்கள். காலை நெருக்கடிக்குப் பயந்து முதல்நாள் இரவே பொடியாக நறுக்கி, அண்டாவில் தண்ணீர் ஊற்றி ஊறப்போடுகிறார்கள். விடிந்ததும் அதை வடித்து, புதுத்தண்ணீரில் அரைமணி நேரம் கொதிக்கவிட்டு, பச்சையாக நிற்கும் அந்தத் தண்ணீரையும் வடித்துவிடுகிறார்கள். வைட்டமின் சி-யும் பி வகை வைட்டமினான ஃபோலேட்டும் நீரில் கரைபவை. சூடும் அவற்றுக்கு ஆகாது. இரண்டு முறை வடித்தபின் நாரும், உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் கரோட்டினும் மிஞ்சும், மற்றவை பெரும்பாலும் போயிருக்கும். முழு இலையாகவே அலசுங்கள். அடுப்பில் ஏற்றுவதற்குச் சற்றுமுன் நறுக்கி, இலையில் ஒட்டிய ஈரத்திலேயே ஐந்து நிமிடம் வதக்கினால் போதும். அண்டா நிறையக் குவித்தால் அடியிலுள்ளது குழைந்துபோகும், மேலே உள்ளது வேகாது. இரண்டு மூன்று ஈடாகப் பிரித்துப் போடுங்கள். கொஞ்சம் எண்ணெய் சேரட்டும், கரோட்டின் உடலில் சேரக் கொழுப்பு வேண்டும்.

தண்ணீரைக் கொட்டியே ஆகவேண்டிய இடமும் ஒன்று உண்டு: ராஜ்மா. பச்சை ராஜ்மாவில் உள்ள லெக்டின் என்ற புரதம் சாப்பிட்ட சில மணி நேரத்தில் கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் வரவழைக்கும். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத்தண்ணீரில் 30 நிமிடம் தளதளவெனக் கொதிக்கவிடுங்கள். மெல்லிய சூட்டில் நெடுநேரம் வேகவைக்கும் மின்பாத்திரத்தில் நேரடியாகப் போடாதீர்கள். 80 டிகிரிச் சூட்டில் பயறு மென்மையாகிவிடும், நஞ்சு அழியாது. தொட்டுப் பார்த்தால் வெந்தது போலத்தான் இருக்கும். ஏமாற்றுவதே அந்த மென்மைதான். பிரஷர் குக்கர் என்றால் கவலையில்லை.

பயறு சீக்கிரம் வேகட்டும் என்று சோடா மாவு போடுவதையும் நிறுத்துங்கள். காரத்தன்மையில் தயமின் என்ற வைட்டமின் பி1 அழிந்துவிடும். தக்காளி, எலுமிச்சை போன்ற புளிப்பை ஆரம்பத்திலேயே சேர்த்தாலும் பயறு இறுகி நிற்கும், வெந்தபின் சேருங்கள். ஆண்டுக்கணக்கில் கிடந்த மூட்டை என்றால் எத்தனை நேரம் ஊறினாலும் நறுக்கென்றுதான் இருக்கும். அதற்குச் சமையல்காரரைத் திட்டிப் பயனில்லை, கிடங்கைப் பாருங்கள்.

முழுத்தானியத்திலும் கிடங்குதான் சிக்கல். தவிடு நீக்கிய அரிசி தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதைக் கண்டு 1890-களில் ஜாவாவில் கிறிஸ்தியான் ஐக்மான் தொடங்கிய ஆய்வுதான் தயமின் குறைவால் நரம்பைத் தாக்கும் பெரிபெரி நோய்க்கும் தீட்டிய அரிசிக்கும் உள்ள தொடர்பைக் காட்டியது. 1929-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அந்தத் தவிட்டிலும் முளைக்கருவிலும் எண்ணெய் இருப்பதால்தான் முழுமாவு சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கிறது. மாதக்கணக்குக்கு அரைத்து வைக்காதீர்கள். தீட்டாத அரிசியை அரைமணி நேரமாவது ஊறவைத்து, ஒன்றுக்கு இரண்டரை அளவு தண்ணீரில் 40 நிமிடம் போல வேகவிடுங்கள். பழக்கத்துக்காக வெள்ளை அரிசியோடு கலப்பதென்றால் தனித்தனியாக வேகவைத்த பிறகு கலக்கவும். ஒரே பானையில் போட்டால் ஒன்று குழையும், மற்றது பல்லில் கடிபடும். பழுப்பு நிற ரொட்டியெல்லாம் முழுக்கோதுமை ரொட்டி என்று நம்பிவிட வேண்டாம். கேரமல் நிறமி சேர்த்தாலும் அந்த நிறம் வரும். உறையில் முதல் பொருளாக முழுக்கோதுமை மாவு இருக்கிறதா என்று பாருங்கள்.

சாப்பாட்டோடு தேநீர் தருவதை ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள். பயறு, கீரையின் இரும்பைத் தேநீரின் துவர்ப்புப் பொருளான டானின் பிடித்துவைத்துக்கொள்ளும். பதிலுக்கு ஒரு கொய்யாத் துண்டோ ஆரஞ்சுச் சுளையோ தாருங்கள், வைட்டமின் சி இரும்பை உடலில் ஏறவைக்கும். சாறாகப் பிழிந்தால் நார் போய்ச் சர்க்கரை மிஞ்சும்.

மருத்துவமனை நடத்துவோருக்கு மட்டும் ஒன்று: இரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின் மருந்து சாப்பிடுவோருக்குக் கீரையின் அளவைத் திடீரென ஏற்றவோ இறக்கவோ கூடாது, அதிலுள்ள வைட்டமின் கே மருந்தோடு மோதும். சிறுநீரக நோயாளிகளுக்குப் பொட்டாசியம், பாஸ்பரஸ் கணக்கு உண்டு. இவர்கள் தட்டை உணவியல் வல்லுநர் பார்த்தே தீர்மானிக்கட்டும்.

மற்றவர்களுக்கும் ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். நார்ச்சத்து திடீரென ஏறினால் வயிறு உப்பும், வாயு கட்டும், மூன்றாம் நாளே புகார் வரும், நான்காம் நாள் பழைய பட்டியல் திரும்பிவிடும். முதலிரு வாரம் கால்பங்கு, அடுத்த இரு வாரம் அரைப்பங்கு என்று ஏற்றி, மேசைதோறும் தண்ணீர்க் கூஜா வையுங்கள்.

இப்படிக்கு,
உணவியலாளர்களும் சமையற்கூட மேற்பார்வையாளர்களும்