நெருப்புக்குச்சிப் பிள்ளையின்ர கதை

என்ர செல்லத்துக்கு,

நத்தாருக்குப் பிள்ளையளோட என்ன புத்தகம் வாசிக்கலாம் எண்டு நேற்று கேட்டனி, கரண்ட் போய் போனும் கட்டாகிட்டுது, இரவு முழுக்க அதே யோசினை, அதான் எழுதுறன்.

நெருப்புக்குச்சி விக்கிற பிள்ளையின்ர கதை ஞாபகம் இருக்கும் உனக்கு. 96 இல கிளிநொச்சியால வெளிக்கிட்டு மல்லாவியில கொட்டில் போட்டு இருந்தம், உனக்கு அப்ப ஆறு வயசு, அந்த மாரி கிடுகுக்குள்ளால ஒழுகி ஒழுகிப் பாயெல்லாம் ஈரம். மண்ணெண்ணெய் அருமை, ஜாம்போத்தல் விளக்கை நீ நித்திரையாகும் மட்டும்தான் எரியவிடுறது. சிஸ்டர் ஒராள் தந்த அட்டை கிழிஞ்ச புத்தகம்தான் எங்களிட்ட இருந்த ஒரே கதைப்புத்தகம். அந்தப் பிள்ளை செருப்பும் இல்லாமப் பனிக்குள்ள இருந்து ஒவ்வொரு குச்சியாக் கிழிக்க, அடுப்புத் தெரியும், சாப்பாட்டு மேசை தெரியும், நத்தார் மரம் தெரியும், பிறகு செத்துப்போன அம்மம்மா தெரிவா, நெருப்பு நூந்தா அம்மம்மாவும் போயிடுவா எண்ட பயத்தில மிச்சக் குச்சியெல்லாத்தையும் ஒண்டாக் கொளுத்துவாள்.

அதோட என்னால ஏலாமப் போச்சு. விடிய அவள் விறைச்சுச் செத்துக் கிடந்தாள் எண்டுதான் புத்தகத்தில இருக்கு. நான் அம்மம்மா வந்து வீட்ட தூக்கிக்கொண்டு போய்ச் சுடச்சுடக் கொழுக்கட்டை குடுத்தவ எண்டு சொல்லிப்போட்டு விளக்கை நூத்திட்டன். நீ எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகின உடன அதைத்தான் முதல் எடுத்து வாசிச்சனி, அம்மா பொய் சொன்னனீங்கள் எண்டு ரெண்டு நாள் என்னோட கதைக்கேல்லை.

மூத்தவளுக்கு அதை முழுசா வாசி. அண்டர்சன் 1845 இல எழுதினது, தகப்பன் சப்பாத்துத் தைக்கிறவர், தாய் உடுப்புத் தோய்க்கிறவ, இல்லாமையை அவருக்கு ஒருத்தரும் சொல்லிக்குடுக்கத் தேவையில்லை, அதாலதான் முடிவில சீனி போடேல்லை எண்டு நினைக்கிறன். அழுதா அழட்டும், பக்கத்தில நீ இருக்கிறாய்தானே. கதை நடக்கிறது வருசக் கடைசி ராத்திரி, அதால 31 ஆம் திகதிக்கு வை.

டிக்கின்ஸின்ர கிறிஸ்மஸ் கரோல் இப்ப வேண்டாம், ஆவியள் வரும், பயப்பிடுவாள். அவருக்குப் பன்னிரண்டு வயசா இருக்கேக்க தகப்பனைக் கடனுக்காக மறியல்ல போட்டவை, இவர் சப்பாத்துப் பொலிஷ் செய்யிற இடத்தில வேலைக்கு நிண்டவர். மூத்தவளுக்கும் அந்த வயசு வரட்டும், அஞ்சு பாகம், ஒரு இரவுக்கு ஒண்டா வாசிக்கலாம்.

சின்னவனுக்கு ரேமண்ட் பிரிக்ஸின்ர ஸ்னோமேன் எடு. முன்பள்ளியில படிப்பிக்கேக்க பாதர் ஒருத்தர் கொண்டுவந்து தந்தவர், 1978 இல வந்தது, ஒரு எழுத்து இல்லை, முழுக்கப் படம். நத்தார் தாத்தாவும் அதில இல்லை, பிறகு கார்ட்டூன் படமா எடுக்கேக்கதான் சேர்த்தவை. ஆனா எனக்கு அதுதான் வேணும், எழுத்தில்லாததால இங்கிலிஷும் இல்லை பார், நான் தமிழில சொல்லலாம். உங்களுக்கு இரவு எட்டு மணியெண்டா எனக்கு விடிய ஆறரை, நீ வாட்ஸ்அப்பில எடுத்துப் பக்கத்தைக் காட்டிக்கொண்டு இரு, நான் கதையைச் சொல்லுறன். பனி எப்பிடி இருக்கும் எண்டு அவன் எனக்குச் சொல்லட்டும், நான் கண்டதில்லையே.

கடைசிப் பக்கத்தில விடிய அந்தப் பனி மனிசன் உருகிப் போயிருப்பான். இந்த முறை நான் மாத்திச் சொல்லமாட்டன்.

அம்மா