வண்டி நின்றால் எஞ்சினும் நிற்கட்டும்: இராமேசுவரம் தீவின் உள்ளாட்சி அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகர்மன்றத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும், பாம்பன், தங்கச்சிமடம் ஊராட்சி நிர்வாகத்தாருக்கும் வணக்கம்.

கோயிலுக்குப் பக்கத்தில் சங்கு, சோழி, பாசிமணி விற்கிற கடை என்னுடையது. வண்டிப் புகையைப் பற்றி இங்கே யாரிடம் பேச்செடுத்தாலும் ஒரே பதில்தான்: "நாலு பக்கமும் கடல்ணே, காத்து அடிச்சுக்கிட்டுப் போயிரும்." பாதி உண்மை. கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, வீசுகிற மாதங்களில் புகை என்ன, கடை முன்னால் கட்டின தார்ப்பாயே நிற்காது. கச்சானும் இல்லாமல் வாடையும் ஓய்ந்த நாள்களில், விடியுமுன், காற்று மந்தமாகிவிடும். நம் ஊருக்குக் கூட்டம் வருவதும் அந்த நேரத்தில்தான். ஸ்படிகலிங்க தரிசனத்துக்கும் அக்னி தீர்த்தத்தில் முழுக்குப் போடவும் வருகிறவர்கள் இருட்டோடு வந்து இறங்குகிறார்கள்.

அவர்கள் இறங்கிப் போனபின் பேருந்தும் வேனும் உறுமிக்கொண்டே நிற்கின்றன. ராத்திரி முழுக்க ஓட்டி வந்த டிரைவர் ஏசியைப் போட்டுச் சாய்ந்துவிடுகிறார். அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. சாய இடம் கொடுக்காமல் "அணைப்பா" என்றால் யார் அணைப்பார்?

புகைக்குழாய் இருக்கிற உயரத்தைப் பாருங்கள். சாக்கை விரித்துப் பூவும் தேங்காயும் விற்கிற அக்காமாரின் முகத்துக்கு நேராக இருக்கிறது. என் மேசையில் பரப்பிய வெண்சங்குகளைக் காலையில் ஈரத்துணியால் துடைத்தால் முதலில் வருவது உப்பும் மணலும் கலந்த சாம்பல் நிறம்; அலசினால் போய்விடும். அதன் பிறகு வருகிற பிசுபிசுப்பான கறுப்பு, சோப்புப் போட்டால்தான் விரலை விடும். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் வரவழைக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-லேயே வகைப்படுத்திவிட்டது. காற்றில் மிதக்கும் நுண்துகள், அதாவது பிஎம் 2.5, ஆண்டுச் சராசரியில் கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டு வரம்பு. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது 5. நம் மாவட்டத்தில் காற்றை அளக்கிற நிலையம் இராமநாதபுரத்தில் இருக்கிறது. அங்கே பதிவாகும் எண்ணை வைத்து, ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிற அக்னி தீர்த்தக் கரையின் விடியற்காலையைப் பற்றி எப்படிச் சொல்ல முடியும்? ஒரு கருவியை இங்கேயும் வைக்கச் சொல்லி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தீர்மானம் போட்டு அனுப்புங்கள்.

புகைச் சான்றிதழ் பார்ப்பது, அபராதம் போடுவது எல்லாம் உங்கள் கையில் இல்லை, அது ஆர்.டி.ஓ.வும் போலீசும் பார்க்க வேண்டியது. வண்டி எங்கே நிற்க வேண்டும் என்பதில் உங்களுக்குப் பங்கு உண்டு. நிறுத்துமிடம் உண்டு, கட்டணச் சீட்டு உண்டு. அந்தச் சீட்டிலேயே "எஞ்சினை அணைக்கவும்" என்று தமிழ், இந்தி, தெலுங்கு, கன்னடத்தில் கொட்டை எழுத்தில் அடியுங்கள். நிறுத்துமிடத்தில் டிரைவர்கள் படுக்க ஒரு கொட்டகை, நாலு மின்விசிறி, ஒரு கழிப்பறை போட்டுக் கொடுங்கள். இது இல்லாமல் அது நடக்காது. அங்கிருந்து கோயில் வரைக்கும் பேட்டரி வண்டி விட்டால், அதை ஓட்டும் வாய்ப்பை நம் ஆட்டோக்காரர்களுக்கே முதலில் கொடுங்கள். இல்லையென்றால் நாளைக்கே மறியல்தான்.

இங்கிலாந்தில் நின்ற வண்டியின் எஞ்சினை அணைக்கச் சொல்லியும் அணைக்காதவருக்கு 20 பவுண்டு அபராதம் போட உள்ளாட்சிகளுக்கு 2002-இல் விதி வந்தது. எனக்கு அதில் பிடித்தது அபராதம் இல்லை. முதலில் போய்ச் சொல்ல வேண்டும், கேட்காவிட்டால்தான் சீட்டுக் கிழிக்க வேண்டும். சொல்வதற்கு நமக்கு என்ன சட்டம் வேண்டும்?

பாம்பன் ஊராட்சிக்குத் தனியாக ஒரு வார்த்தை. 1988-இல் திறந்த சாலைப் பாலத்தில் ரயில் பாலத்தைப் பார்க்க வண்டியை ஓரங்கட்டுகிறார்கள். 2025 ஏப்ரலில் புது ரயில் பாலம் திறந்தபின் வேடிக்கை பார்க்கக் கேட்கவா வேண்டும்? இருக்கிறதே ரெண்டு வண்டி போகிற அகலம். ஒரு வேன் நின்றால் பின்னால் மீன் லாரி, பஸ், ஆம்புலன்ஸ் எல்லாம் புகை கக்கிக்கொண்டு காத்திருக்கும். பாலம் ஏறுமுன் கரையிலேயே இறங்கிப் பார்க்க ஓர் இடம் ஒதுக்கித் தரும்படி நெடுஞ்சாலைத் துறையிடம் கேளுங்கள். அங்கே இளநீர்க் கடைக்கும் கருவாட்டுக் கடைக்கும் வியாபாரம் ஆகும்.

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் முதல் இ-பாஸ் வந்தது போல இங்கேயும் வேண்டும் என்கிறார்கள் சிலர். எனக்கு உடன்பாடில்லை. அப்பனுக்குத் திதி கொடுக்க வருகிறவனிடம் பாஸ் கேட்பதா? ஆள் வரட்டும், வண்டி ஊருக்கு வெளியே நிற்கட்டும்.

கொட்டகைக்கு நிதி ஒதுக்க நாளாகலாம். சீட்டு அச்சடிக்க எவ்வளவு ஆகும் என்று அடுத்த கூட்டத்திலேயே கேட்டுவிடுங்கள், ஆடி அமாவாசைக் கூட்டத்துக்கு முன்னால் அது கைக்கு வர வேண்டும். நாலு மொழியிலும் வாசகம் எழுதித் தர எங்கள் கடைத்தெருவிலேயே ஆள் இருக்கிறது. நாலு மொழியில் பேரம் பேசித்தானே பிழைக்கிறோம்.

இப்படிக்கு,
இராமேசுவரத்துச் சங்குக் கடைக்காரன் ஒருவன்