பிரிக்பீல்ட்ஸ் சர்வேயர் ஐயாவுக்கு நன்றி
சனிக்கிழமை இரவு பிரிக்பீல்ட்ஸ் மாமாக் கடையில் எங்கள் மேசையில் வந்து உட்கார்ந்த ஓய்வுபெற்ற சர்வேயர் ஐயாவுக்கு மனமார்ந்த நன்றி. கனடாவின் வடமேற்கில் நஹானி ஆற்றில் படகில் போக, நானும் தம்பியும் வரைபடத்தை விரித்து வைத்திருந்தோம். தே தாரிக்கைத் தள்ளி வைத்துவிட்டு, ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகளை நகத்தால் தொட்டுக் காட்டினீர்கள். கோடுகள் நெருங்கினால் செங்குத்துச் சரிவு; ஓடையைக் கடக்கும்போது அவை வளையும் முனை, நீர் வரும் பக்கத்தைக் காட்டும். அப்புறம் திசைகாட்டி! கோலாலம்பூரில் முள் ஏறக்குறைய நேர் வடக்கு, அங்கே பல பாகை கிழக்கே விலகும். இதை யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. அந்த ஆற்றில் வர்ஜீனியா அருவி 90 மீட்டருக்கு மேல் விழுகிறது. அதற்கு முன்னால் கரையேற வேண்டியதைப் பென்சிலால் குறித்தும் கொடுத்தீர்கள். பெயர் கேட்பதற்குள் கிளம்பிவிட்டீர்கள், ஐயா. இதைப் பார்த்தால் ஒரு வரி எழுதுங்கள், அடுத்த தே எங்கள் கணக்கு.