கை முழுக்க கிரீஸ்

அன்பு மகனே,

ஞாயிற்றுக்கிழமை நீ மூன்று தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை. கோபம் ஒன்றுமில்லை, கை முழுக்க கிரீஸ். அப்பா எடுத்திருக்கலாம். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து எனக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். முதுகைப் பார்த்த டாக்டர் குனியக்கூடாது என்றார். பேசக்கூடாது என்று சொல்லவில்லையே.

நம் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரின் கிளட்ச் கேபிள் அறுந்துவிட்டது. காலையில் அப்பர் தாம்சன் ரோட்டில் புரோட்டா பசியாறிவிட்டுத் திரும்புகிறோம். 1973 வரைக்கும் சிங்கப்பூர் கிராண்ட் பிரீ கார் பந்தயம் நடந்த சாலை என்று அப்பா வழக்கமான கதையை ஆரம்பித்தார். சிக்னலில் நின்றேன். டொக்கென்று ஒரு சத்தம், பெடல் தரையோடு படுத்துவிட்டது, வண்டி ஒரு குதி குதித்து அணைந்தது. பின்னால் பஸ்.

டோ வண்டிக்கு போன் போடலாம் என்றார் அப்பா. நான் இன்ஜின் அணைந்தபடியே முதல் கியரைப் போட்டு, பச்சை விழுந்ததும் சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் மோட்டாரே வண்டியை இழுத்துக்கொண்டு கிளம்பியது, இன்ஜினும் பிடித்துக்கொண்டது. கொஞ்சம் வேகம் வந்ததும் ஆக்ஸிலரேட்டரை விட்டு, நியூட்ரலில் ஒரு நொடி நிறுத்தி, இரண்டாவதற்குத் தள்ளினால் வழுக்கிக்கொண்டு விழும், அவசரப்பட்டால் கரகரக்கும். ஒவ்வொரு சிவப்புக்கும் அணைப்பு, ஒவ்வொரு பச்சைக்கும் சாவி. பட்டறைகள் இருக்கும் சின் மிங் போய்ச் சேரும்வரை அப்பா கதையைத் தொடரவே இல்லை.

அங்கே நம் சீன அங்கிள் கதவைத் திறந்துவைத்து கோப்பி ஓ (பால் விடாத காப்பி) குடித்துக்கொண்டிருந்தார். கேபிள் எடுத்துக் கொடுத்தார், மூலையில் இடமும் கொடுத்தார். கழற்றுவது சுலபம். இடது பின்சக்கரத்தை எடுத்தால் கியர்பாக்ஸ் ஓரமாக கேபிள் இழுக்கும் லீவர் தெரியும். அதன் முனையில் இரண்டு காது வைத்த விங் நட். பழைய கேபிளை உருவிப் பார்த்தேன். பெடல் பக்கத்து முனையில் இழை இழையாகப் பிய்ந்து, கடைசி நாலைந்து இழை மட்டும் அன்று காலைவரை நம்மைச் சுமந்திருக்கிறது. பின்முனை கயிறுபோல முறுக்கிக் கிடந்தது. போன வருஷம் ஒரு பட்டறையில் கொடுத்தோமே, கேபிளைப் பிடித்துக்கொள்ளாமல் நட்டை மட்டும் திருகியிருக்கிறார்கள். நட்டோடு கேபிளும் சுற்றியிருக்கிறது. பெடல் நன்றாக டைட்டாக இருக்கு என்று பெருமையாக வேறு சொன்னார்கள்.

புதுசுக்கு நுனிமுதல் நுனிவரை கிரீஸ் தடவினேன். பழைய கார்களுக்கான கிளாசிக் திட்டத்தில் வருஷத்துக்கு 45 நாள்தான் ஓட்டலாம், மீதி நாளெல்லாம் இந்த ஊர் ஈரத்தில் நிற்கிற வண்டி. கிரீஸில் கஞ்சத்தனம் கூடாது. முன்பக்கமிருந்து விட்டால் வண்டியின் நடுமுதுகுக்குள் இருக்கும் குழாய் வழியாகக் கேபிள் பின்னால் வந்துவிடும். அதன்பிறகுதான் சோதனை. முன்முனை வளையத்தைப் பெடல் கொக்கியில் மாட்டி, பெடல் தொகுப்பைப் போல்ட் போட்டு முடிக்கும்வரை யாராவது பின்னாலிருந்து இழுத்துப் பிடித்தபடியே இருக்கவேண்டும். தளர்ந்தால் வளையம் நழுவிவிடும். அப்பாவுக்கு அந்த ஒரு வேலைதான், ஸ்டூலிலிருந்தபடியே எட்டும். நான் ஸ்டீயரிங்குக்கு அடியில் தலையை விட்டு, ஒரு போல்ட் ஏற்றி, இரண்டாவதைத் தேடும்போது, “ஆச்சா?” என்று கேட்டபடி கையை விட்டுவிட்டார். மறுபடி முதலிலிருந்து. மூன்றாவது தடவைதான் நின்றது. அந்த நேரத்தில்தான் உன் போனும் அடித்தது.

போடன் டியூபையும் பார்த்தேன். பிரேமிலிருந்து கியர்பாக்ஸுக்குக் கேபிளைக் கொண்டுபோகும் அந்தக் குழாய் நேராக விறைத்திருக்கக்கூடாது, 25 முதல் 45 மில்லிமீட்டர்வரை தொங்கவேண்டும். விறைத்திருந்தால் வண்டி கிளம்பும்போது வெட்டி வெட்டி நடுங்கும், ரொம்ப வளைந்தால் கேபிள் தேயும். நம்முடையது 15தான் வந்தது. பிராக்கெட்டில் இரண்டு வாஷர் சேர்த்ததும் 30 ஆனது.

அப்புறம் விங் நட். கேபிளை இடுக்கியால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அரைச்சுற்று அரைச்சுற்றாகத்தான் திருப்பவேண்டும், அந்த இரண்டு காதும் லீவரில் இருக்கும் பள்ளத்தில் உட்காரவேண்டுமே. பெடலைக் காலால் மிதிக்காமல் விரலால் அழுத்திப் பார்க்கவேண்டும். கனம் தெரிகிறவரை 10 முதல் 20 மில்லிமீட்டர் சும்மா போகணும். உன் பிரைமரி ஸ்கூல் ரூலரை வைத்து 15க்குக் கொண்டுவந்தேன். “ஒரு சுற்று இறுக்கேன், லொடலொட என்று இருக்கு” என்றார் அப்பா. 19 வருஷம் அங் மோ கியோ தொழிற்சாலையில் மைக்ராஸ்கோப்பைப் பார்த்தபடி கம்ப்யூட்டர் டிஸ்க் டிரைவ் பொருத்தியவள் நான். 15 மில்லிமீட்டர் எனக்கு ஒரு மைதானம். அந்த இடைவெளி இல்லாவிட்டால் பேரிங் எந்நேரமும் கிளட்சை உரசி வெந்துபோகும். அதிகமானால் கிளட்ச் முழுசாக விடாது, ரிவர்ஸ் கரகரக்கும். இன்ஜினை ஓடவிட்டு, பெடலை மிதித்து, ஐந்து எண்ணிவிட்டு ரிவர்ஸ் போட்டேன். சத்தமே இல்லாமல் விழுந்தது. அங்கிள் கோப்பிக் குவளையைத் தூக்கிக் காட்டினார்.

இதையெல்லாம் உனக்கு எழுதக் காரணம் இருக்கிறது. புதுக் கேபிள் முதலில் கொஞ்சம் நீளும், அதனால் பெடல் சும்மா போகிற அந்த ஆட்டம் கூடும். பெடல்மேலேயே கால் வைத்து ஓட்டிக் கிளட்ச் பிளேட் தேய்ந்தால் ஆட்டம் குறையும். தீபாவளிக்கு நீ வந்து ஓட்டியபிறகு ஆட்டம் குறைந்திருந்தால் யார் இடது காலைப் பெடல்மேலேயே வைத்துக்கொண்டு ஓட்டினார்கள் என்று எனக்குத் தெரிந்துவிடும். போன தடவை ஈஸ்ட் கோஸ்ட்வரை அப்படித்தான் ஓட்டினாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் வந்தேன்.

வண்டியை விற்றுவிடுங்கள் என்று மறுபடியும் அப்பாவிடம் ஆரம்பிக்காதே. விற்கிறதானால் என்னிடம் பேசு, நானும் இல்லையென்றுதான் சொல்லப்போகிறேன்.

போடன் டியூப் முனையில் இருக்கும் ரப்பர் வெடித்துவிட்டது. அங்கிளிடம் இல்லை, இப்போதைக்கு சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி வைத்திருக்கிறேன். பெர்த்தில் கிடைத்தால் இரண்டு வாங்கி வா. இரண்டு வெள்ளி சாமானுக்குத் தபால் செலவு வேண்டாம், உன் பெட்டியிலேயே போடு.

அம்மா