மலருக்கு, அம்மா எழுதுவது

அன்புள்ள மலருக்கு,

போன் எடுக்கவில்லை. நைட் டியூட்டி என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு. வார்டில் நோயாளிக்குத் திடீரென்று மோசமானால் கூப்பிட்டதும் ஓடிவரும் உங்கள் ரேபிட் ரெஸ்பான்ஸ் டீமால் பலன் உண்டா என்று கணக்கெடுக்கும் வேலையை உன்னிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று அண்ணன் சொன்னான். அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதையே சொல்கிறார். எனக்கும் பெருமைதான். ஆனால் என்னிடம் நீயே சொல்லியிருக்கலாம்.

வேறொன்றும் சொன்னான். அதை நான் கேட்கப்போவதில்லை.

வார்டிலேயே காலம் கழித்தவள், அதனால் கணக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இந்த மாதிரி டீம்களைப் பற்றிய மெரிட் ஆய்வை உன்முன் கட்டாயம் நீட்டுவார்கள். 2005இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஆஸ்திரேலியாவில் 23 ஆஸ்பத்திரிகள், 12இல் டீம் அமைத்தார்கள். இதயம் நின்றது, எதிர்பாராத சாவு, திடீரென்று ஐசியுவுக்குப் போனது, இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்ததில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதோடு விட்டுவிடாதே, உள்ளே படி. டீம் இருந்த இடங்களிலேயே, அறிகுறி தெரிந்தும் பலருக்கு அழைப்பு போகவில்லை. கூப்பிடாத டீம் யாரைக் காப்பாற்றும்? 2010இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்களும், ஐசியுவுக்கு வெளியே பெரியவர்களுக்கு இதயம் நிற்பது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, மொத்தச் சாவு குறைந்ததாகத் தெரியவில்லை என்றுதான் சொன்னார்கள். இதயம் நின்றால் 'இவருக்கு சிபிஆர் வேண்டாம்', அதாவது நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்க முயல வேண்டாம் என்று முன்பே முடிவெடுத்தாலும், இதயம் நின்றதாகக் கணக்கில் வரும் எண்ணிக்கை குறையும். அவர்களைத் தனியாகப் பிரித்து எழுது.

இதயம் நின்ற ஒவ்வொருவருடைய சார்ட்டிலும் முந்தைய 24 மணி நேரத்தைப் பார். மூச்சு எண்ணிக்கை எப்போது ஏறியது, டீமை எப்போது கூப்பிட்டார்கள், நடுவில் எவ்வளவு நேரம் போனது? மூச்சை எண்ணாமலேயே வரிசையாக 20, 20 என்று எழுதிவைத்திருப்பார்கள். அதையும் குறித்துக்கொள். ஆயிரம் அட்மிஷனுக்கு எத்தனை அழைப்பு என்று பார். பகலையும் இரவையும் தனித்தனியாகப் பார். இரவில் அழைப்பு குறைந்தால் நோயாளிகள் நன்றாக இருந்தார்கள் என்று அர்த்தமில்லை.

டீம் வந்து பார்த்து, ஒன்றுமில்லை என்று திரும்பிப் போனதை வீண் அழைப்பு என்று எழுதாதே. வீண் இல்லை, மலர். எதற்குக் கூப்பிட்டாய் என்று எல்லார் முன்னாலும் திட்டு வாங்கியவள் அடுத்த தடவை கை நடுங்கி நிற்பாள். அந்தத் தயக்கத்தில்தான் ஆள் போவது. எந்தச் சார்ட்டிலும் அது இருக்காது. நர்ஸுகளிடம் உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும்.

கேட்கப்போவதில்லை என்றேன். முடியவில்லை. அந்தப் பாட்டிக்கு நீ கூப்பிட்டது சரி. டீம் வரும்போது பாட்டி தெளிவாகப் பேசினார் என்பதற்காக நீ பதறியவள் ஆகிவிடமாட்டாய். உன்னைத் திட்டிய அந்த டாக்டர் சீனியராக இருக்கலாம். நாளைக்கே அப்படி ஒரு நோயாளி இருந்தால் மறுபடியும் கூப்பிடு. அவர் டியூட்டியில் இருந்தாலும் கூப்பிடு.

ரிப்போர்ட்டில் உன் அழைப்பையும் சேர்த்து எழுது, விட்டுவிடாதே. சாப்பிடாமல் டியூட்டிக்குப் போகாதே. அண்ணனிடம் அழுததை என்னிடமும் அழலாம். எந்த நேரமானாலும் போன் பண்ணு, எடுப்பேன்.

அன்புடன்,
அம்மா