செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் முறைப்படி நடந்தன. புதியவர்களுக்கான பயிற்சி வகுப்பும் நடைபெற்றது.

இவ்வாண்டின் பெரும்பணி, உறுப்பினர்களின் இணையக் கோரிக்கைகளை இடைநின்று கையாளும் நம் ப்ராக்ஸி சர்வரைச் சீர்செய்ததுதான். மாலையானால் பக்கங்கள் திறப்பதில்லை என்று புகார் எழுந்தது. உடனே 16 கோர், அதாவது தனித்தனியே கணக்கிடும் 16 அலகுகள், கொண்ட பிராசசர் வாங்கச் சொல்லிக் கடிதங்கள் குவிந்தன. நான் இசையவில்லை. ஏன் என்பதைப் பதிவுசெய்வது என் கடமை.

சர்வரின் சுமையைக் காட்டும் டாப் (top) கட்டளையை ஓடவிட்டு 1 என்ற விசையை அழுத்தினால் ஒவ்வொரு கோரின் சுமையும் தனித்தனியே தெரியும். நம்மிடம் இருப்பவை நான்கு கோர்கள். ஒன்று 100 சதவீதத்தில் திணற, மற்ற மூன்றும் ஏறக்குறைய சும்மா இருந்தன. சராசரியை மட்டும் பார்த்தவர்களுக்கு இது 25 சதவீதமாகவே தெரிந்திருக்கும். அமைப்புக் கோப்பில் வேறுவிதமாகக் குறிப்பிடாதவரை நம் ப்ராக்ஸி மென்பொருளான ஸ்குவிட் எல்லாக் கோரிக்கைகளையும் ஒரே புராசஸில்தான் கையாளும். அந்தப் புராசஸ் ஒரு நேரத்தில் ஒரு கோரில்தான் ஓடும். அப்படியே விட்டுவிட்டு 16 கோர் வாங்கியிருந்தால் அவற்றில் பெரும்பாலானவை வெட்டியாகவே கிடந்திருக்கும்.

3.2 பதிப்பு முதலே ஸ்குவிடில் வொர்க்கர்களை, அதாவது கோரிக்கைகளைக் கையாளும் புராசஸ்களை, பெருக்கும் வசதி உண்டு. மூன்று வொர்க்கர்கள் வைத்தேன். பக்கங்களின் நகல்களை டிஸ்க்கில் சேமிக்கும் பழைய யூஎஃப்எஸ் வகைக் கேஷை வொர்க்கர்கள் பகிர்ந்துகொள்ள இயலாது. எனவே பகிரக்கூடிய ராக் வகைக் கேஷுக்கு மாறினோம். அதன் டிஸ்க் வேலைக்கும் இயங்குதளத்துக்கும் நான்காவது கோரை விட்டுவைத்தேன். ஒரு பைசா செலவில்லாமல் மாலைநேரத் திணறல் தீர்ந்தது. இதை விளக்கிய செய்முறைக் கூட்டத்துக்குக் கடிதம் எழுதியவர்களில் பெரும்பாலோர் வரவில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம்.

வரவு செலவு தணிக்கை செய்யப்பட்டுள்ளது. கையிருப்பு அன்றாடச் செலவுக்குப் போதும். சந்தா பாக்கி கணிசமாக நிற்கிறது. தலைவருக்கும் பொருளாளருக்கும் தணிக்கையாளருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் சங்கத்தின் இணையதளங்களை, அவற்றுக்கு வரும் கோரிக்கைகளை முதலில் வாங்கிக்கொள்ளும் ரிவர்ஸ் ப்ராக்ஸிக்குப் பின்னால் வைக்க எண்ணம். அங்கே ஒவ்வொரு புதிய இணைப்புக்கும் டிஎல்எஸ் கைகுலுக்கல், அதாவது தகவலை மறையாக்கி அனுப்புவதற்கான தொடக்க உடன்பாடு, நடக்கும். அந்தக் கணக்கீடு பிராசசரைத்தான் தின்னும். இணைப்புகள் ஒன்றையொன்று சாராதவை என்பதால் அந்த வேலை கோர்களிடையே நன்றாகப் பிரியும். அங்கே கூடுதல் கோர் உண்மையிலேயே பலன் தரும். அப்போது பிராசசர் கேட்கும் முதல் ஆள் நானாகவே இருப்பேன். கையிருப்பு மட்டும் அதற்கு எட்டாது.

பாக்கி வைத்திருப்போர் பெயர்களை இவ்வறிக்கையில் சேர்க்கவில்லை. கூட்டம் முடியும்வரை பொருளாளர் வாசலருகே ரசீதுப் புத்தகத்துடன் அமர்ந்திருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்